கீழே ஒரு சிரிப்பு

இரண்டு ஐம்பது. இரண்டு பத்துக்குக் கீழே இறங்கினார், ஆக நாற்பது நிமிஷம். “கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன், நீ படு” என்று சொல்லிவிட்டுப் போனார். காற்று வாங்க நாற்பது நிமிஷமா? ஜன்னல் வழியாக இங்கேயே கொட்டுகிறது காற்று, திரைச்சீலை வந்து வந்து முகத்தில் அடிக்கிறது, எதிரே கடல், கடலை விட்டால் மறுபடியும் கடல், இவருக்குக் காற்று கீழேதான் கிடைக்குமாம். சரி, படுத்திருக்கிறேன். டாக்டர் படுக்கச் சொல்லியிருக்கிறார். நூற்றெழுபதுக்கு நூறு. “டீச்சர், இது மாத்திரைக்கு மட்டும் எறங்குற பிரஷர் இல்ல, எங்கயாவது கடலோரமா போயி சும்மா இருங்க, எதையும் யோசிக்காதீங்க” என்றார். எதையும் யோசிக்காமல் இருப்பதற்கு எதை யோசிக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘கடக்’ சொல்கிறது, எண்ண ஆரம்பித்தேன், இருநூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டேன், ஏனென்றால் இருநூற்றுப் பன்னிரண்டாவது கடக்கில் கீழே கண்ணாடிக் குவளை ஒன்று இன்னொன்றோடு மோதும் சத்தம் கேட்டது. கண்ணாடிதான். எவர்சில்வர் இல்லை. முப்பது வருஷம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நின்றவளுக்குக் கண்ணாடிச் சத்தம் தெரியாதா? பியூரெட் எது, பீக்கர் எது, கைதவறிப்போனது எது, தவறிவிட்டதாக நடித்துப் போட்டது எது, எல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே சொல்வேன்.

எல்லாம் அபிராமியால் வந்தது. பெற்ற மகள், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே தேடி இந்த இடத்தைப் பிடித்தாள். காரைக்காலைத் தாண்டிக் கடற்கரை ஊர். அமைதியான தங்கல், வீட்டுச் சாப்பாடு, மூன்றே அறைகள், குடும்பத்தார் நடத்துவது. “குடும்பம் நடத்துற எடம்மா, பயப்படாம போங்க” என்றாள். குடும்பம்தான் நடத்துகிறது, அதில் பொய் இல்லை. என்ன நடத்துகிறது என்று போடவில்லை. மயிலாடுதுறையிலிருந்து காரில் வந்து வாசலில் இறங்கினால் பலகையில் ‘செலஸ்தின் இல்லம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது, அதற்குக் கீழே காகிதப்பூக் கொடி படர்ந்து மூடியிருந்தது. அவர்தான் கொடியை விலக்கிப் பார்த்தார். ‘மது அருந்தும் கூடம், மாடியில் அறைகள் உண்டு.’ படித்தார். பிறகு கொடியைப் பழையபடி மெதுவாக இழுத்து மூடினார், யாரோ துணி மாற்றும்போது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டவர் மாதிரி. நானும் படித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். “நல்ல காத்து” என்றார். “ஆமா, நல்ல காத்து” என்றேன். அந்த நிமிஷத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம், கார்கூடக் கிளம்பவில்லை, ஆனால் திரும்பலாம் என்று யார் சொல்வது? நான் சொன்னால் உங்களை நம்பவில்லை என்று சொன்னதாக ஆகும். அவர் சொன்னால் என்னை நானே நம்பவில்லை என்று சொன்னதாக ஆகும். இரண்டு பேரும் காற்றைப் பாராட்டிக்கொண்டே மதுக்கூடத்துக்குள் நுழைந்தோம். செலஸ்தின் அம்மாள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள், அறுபது வயது இருக்கும், “வாங்க டீச்சரம்மா, வாங்க மிஸ்ஸே, இறால் வாங்கி வச்சிருக்கேன், பொரிக்கவா தொக்கு பண்ணவா?” என்று கேட்டாள். மிஸ்ஸே என்றது இவரை, காரைக்கால் பக்கத்தில் ஆண்களுக்கு அப்படித்தான் மரியாதை. அதற்குப் பிறகு எப்படித் திரும்ப? இறால் வாங்கி வைத்திருக்கிறவர்களிடம் கொள்கை பேச முடியுமா? பொரித்ததையும் சாப்பிட்டோம், தொக்கையும் சாப்பிட்டோம். அதை இப்போது யோசிக்கக்கூடாது, தொக்கில் உப்பு அதிகம், எனக்கு உப்பு ஆகாது, மூன்று கரண்டி போட்டுக்கொண்டேன்.

பதினெட்டு வருஷமாக அவர் குடிப்பதில்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் ‘ஆகா’ என்பார்கள். நான் ‘ஆகா’ சொன்னதில்லை. பதினெட்டு வருஷம் என்றால் ஆறாயிரத்து ஐந்நூறு நாளுக்கு மேல், ஒவ்வொரு நாளும் ஒரு தனி நாள். அவர் நிறுத்திய விதமே சரியில்லை. மற்றவர்கள் எல்லாம் கோயிலுக்குப் போய்க் கற்பூரத்தை அணைப்பார்கள், குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள், கயிறு கட்டிக்கொள்வார்கள். இவர் ஒன்றும் செய்யவில்லை. அபிக்கு அப்போது எட்டு வயது. டியூஷனிலிருந்து அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். குழந்தை பின்னாலிருந்து இறங்கிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறாள், கேட் திறந்ததும் இவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து, கை கால் கழுவி, மூன்று தோசை சாப்பிட்டு, படுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வந்து “அபி எங்க?” என்று கேட்டேன். “பின்னால இருக்கா” என்றார், கண்ணைத் திறக்காமலே. பின்னால் சுவர்தான் இருந்தது. கேட்கீப்பர் அறையில் முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள் குழந்தை. “அப்பா, நாப்பத்திரெண்டு பெட்டி” என்றாள் இவரைப் பார்த்ததும், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நிறுத்தியவர்தான். சத்தியம் பண்ணுங்கள் என்றேன். பண்ணவில்லை. வாயைத் திறந்து இனிமேல் குடிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தையாவது சொல்லுங்கள் என்றேன். அதையும் சொல்லவில்லை. குடிக்கவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் நம்பியிருப்பேன், ஒரு நாள் சந்தேகப்பட்டிருப்பேன், எங்கேயாவது ஓரிடத்தில் அது முடிந்திருக்கும். சொல்லாததை எப்படி முடிப்பது?

அதனால்தான் மூக்கு. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் ‘மோப்ப மங்கை’, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுப்பெயர் மங்கையர்க்கரசி. இத்தனை அழகான பெயரை நாயோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் பொய் இல்லை. பரீட்சை அறையில் பிட் வைத்திருக்கிற பெண்ணுக்கு ஒரு வாசனை உண்டு, பயமும் இங்க்கும் கலந்த வாசனை. கரண்ட் ஆபீஸிலிருந்து கணவர் வீட்டுக்கு வரும்போது வரும் வாசனைகளையும் தரம் பிரித்து வைத்திருக்கிறேன்: ரப்பர் கையுறை, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், வெற்றிலை, வெயில். அகோரமூர்த்தி என்று பெயர், லைன் இன்ஸ்பெக்டர், கம்பத்தில் ஏறினால் காக்காய்கூட மரியாதையாக இடம் விடும், ஆனால் வீட்டில் நாற்காலியை இழுத்தால்கூடச் சத்தம் வராமல் இழுப்பவர். அவரை “ஊதுங்க” என்று சொல்ல எனக்கு வாய் வராது, போலீஸ்காரரா நான்? அதனால் கண்ணில் தூசி விழும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எனக்குச் சரியாகக் கண்ணில் தூசி விழும். “என்னங்க, இங்க கொஞ்சம் ஊதுங்களேன்.” அவர் குனிந்து என் இமையை விரித்து ஊதுவார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் திறந்து வைத்திருப்பேன். வெற்றிலை, சுண்ணாம்பு, வேறொன்றும் இல்லை. தூசி போய்விட்டது என்பேன். ஒரு வருஷம் கழித்துக் கண் டாக்டரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார், “இவளுக்கு மட்டும் ஏன் டாக்டர் தெனமும் தூசி விழுது?” என்று கேட்டார். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அதையும் ஒரு மாதம் போட்டுக்கொண்டேன், வேறு வழி?

மூன்று ஐந்து. கீழே பேச்சுச் சத்தம் கூடுகிறது. மீன்பிடிக்கப் போய்விட்டுக் காலையில் கரையேறியவர்கள் இந்நேரத்துக்கு வந்து உட்காருவார்கள் என்று செலஸ்தின் அம்மாள் சாப்பாடு போடும்போது சொன்னாள், “சத்தமா இருக்கும், ஆனா நல்லவங்க டீச்சரம்மா, உங்க தூக்கத்துக்கு ஒண்ணும் வராது” என்று. என் தூக்கத்துக்கு வருவதற்கு முதலில் தூக்கம் இருக்க வேண்டும். இடது பக்கம் திரும்பிப் படுக்கிறேன், இதயம் காதில் அடிக்கிறது. வலது பக்கம் திரும்பினால் சுவரில் இயேசுநாதர் தன் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறார், அவருக்கும் பிரஷர் போலிருக்கிறது. மல்லாந்து படுத்தால் விசிறி. போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா? தண்ணீர் வேண்டும் என்று போகலாம். தண்ணீர் இங்கேயே இரண்டு பாட்டில் இருக்கிறது, அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனார், நான் தண்ணீர் சாக்கில் வந்துவிடக்கூடாது என்றே வைத்தாரோ? இல்லை, அது அநியாயம். மனைவி தாகத்தில் தவிக்கக்கூடாதென்று தண்ணீர் வைத்த மனிதரைச் சந்தேகப்படுகிறவள் என்ன மனுஷி? ஆனால் எதற்கு இரண்டு பாட்டில்? ஒரு மணிநேரம் தூங்குகிறவளுக்கு ஒன்று போதாதா? இரண்டு பாட்டில் வைக்கிறவர் நெடுநேரம் வரமாட்டார் என்றுதானே அர்த்தம்? நிறுத்து, மங்கை. கடலைக் கேள். டாக்டர் கடலைக் கேட்கச் சொன்னார். அலை வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது, போனது ஏன் உடனே வரவில்லை?

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரிப்பு. ஊரில் எத்தனை பேர் சிரித்தாலும் எனக்குத் தெரியும்: முதலில் சத்தமே வராது, அப்புறம் சைக்கிள் பம்பு அடிக்கிற மாதிரி இரண்டு மூச்சு, அப்புறம் தொண்டையிலிருந்து ஒரு கிறீச்சு, அதற்கப்புறம்தான் அணை திறக்கும், மேசையைத் தட்டுவார், பக்கத்தில் யார் இருந்தாலும் அவர் தோளையும் தட்டுவார். கல்யாணமான புதிதில் இந்தச் சிரிப்புக்காகவே வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். பிறகு அது வாரத்தில் சில நாள் மட்டும் வந்தது, சில நாள் என்றால் எந்த நாள் என்று எனக்குத் தெரியும், ஏழு மணிக்கு மேல், வாசல்படியில் கால் தடுக்குகிற நாட்களில். குடி நின்றதும் அந்தச் சிரிப்பும் நின்றது. பதினெட்டு வருஷமாக இவர் புன்னகை செய்வார், உதட்டை மூடிக்கொண்டு. அபியின் கல்யாணத்தில்கூடப் புன்னகைதான். போட்டோக்காரன் “சார், கொஞ்சம் சிரிங்க” என்று கெஞ்சினான். இப்போது கீழே மதுக்கூடத்தில், மத்தியானம் மூன்று பத்துக்கு, பம்பு அடித்து, கிறீச்சிட்டு, அணை திறந்து, மேசை தட்டப்படுகிறது. தடதடவென்று. ஒருதரம் இல்லை, மூன்று தரம். எத்தில் ஆல்கஹால், சி இரண்டு ஹெச் ஐந்து ஓ ஹெச், நிறமற்றது, எளிதில் ஆவியாவது, எழுபத்தெட்டு டிகிரியில் கொதிப்பது, நான் கொதிக்க அவ்வளவு தேவையில்லை. கால் தரையில் பட்டுவிட்டது. செருப்பு அகப்படவில்லை. எங்கே அந்தச் செருப்பு? கட்டிலுக்கு அடியில் ஒன்று, மற்றொன்று அவருடையது, பரவாயில்லை. ஆறாயிரத்து ஐந்நூறு நாளும் போயிற்று. நான் ஒரு மணிநேரம் கண்ணை மூடலாம் என்று படுத்ததற்கு. இல்லை, கண்ணை மூடக்கூட இல்லையே! படுத்ததற்கே.

படிகள் மரப்படிகள், ஒவ்வொன்றும் ஊருக்குச் சொல்கிற மாதிரி கிறீச்சிடுகிறது. ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் அவருடையது, சப்பென்றும் தொப்பென்றும் இறங்குகிறேன். என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். ஒன்றும் சொல்லக்கூடாது. கிட்டே போய் நிற்பேன். அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்காருவேன். எங்கே உட்காருவது? மணலில். வெயிலில் மணல் சுடும். நிழல் பார்த்து உட்காருவேன். அபியைக் கூப்பிட்டு என்ன சொல்வேன்? குடும்பத்தார் நடத்துவது என்று சொல்வேன். கடைசிப் படிக்கு முன்னால் சிப்பி கோத்த திரை ஒன்று தொங்குகிறது. அதற்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். சிப்பிகளின் நடுவே தெரிகிறது: நீள மேசை, ஏழெட்டு ஆண்கள், உப்பு காய்ந்த முதுகுகள், செலஸ்தின் அம்மாள் மீன் ஆய்கிற அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிறாள், அவள் புருஷன் அந்துவான் சமையல் கரண்டியோடு நிற்கிறார், நடுவில் இவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருக்கிறார், பக்கத்தில் ஒரு பெரிய ஐஸ் பெட்டியின் மூடி கழற்றிக் கிடக்கிறது, மேசையில் ஸ்க்ரூ டிரைவர், வயர்த்துண்டு, நான்கு கண்ணாடிக் குவளைகள். நான்கிலும் ஒரே நிறத்தில் ஏதோ. எது அவருடையது? இடப்பக்கம் இருப்பதா? இல்லை, அது வழுக்கைத் தலைக்காரருடையது, எடுத்துவிட்டார். அடுத்ததா?

“அப்படியே பின்னால போயி நின்னாங்க” என்கிறார் என் கணவர். “பிளஸ் டூ பரீட்சை. அந்தப் பொண்ணு தலை நெறைய மல்லிப்பூ. பறக்கும் படை ஆபீசர் ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு, அவருக்குக் கெடைக்கல. இவங்க நின்னாங்க. மூச்சை இழுத்தாங்க.” அவர் மூச்சை இழுத்துக் காட்டுகிறார். மூக்குத் துவாரத்தை விரித்து, புருவத்தை உயர்த்தி, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து. கடவுளே, அது நான். அச்சு அசல் நான். “‘பூவுல ஏம்மா இங்க் வாசனை வருது?’ அவ்வளவுதான் கேட்டாங்க.” மேசை முழுக்கச் சிரிக்கிறது. இவரும் சிரிக்கிறார், பம்பு, கிறீச்சு, அணை. என் கணவர் இந்த ஊர் மீன்காரர்களுக்கு என்னை நடித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கோபம் வர வேண்டும். வருகிறது, வந்து பாதியில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்குகிறார். “இருங்க, கதை அது இல்ல. பூவுக்குள்ளேருந்து பிட்டை எடுத்தாங்க. ஆபீசர்ட்ட குடுத்திருக்கணும், குடுத்தா அந்தப் பொண்ணுக்கு மூணு வருஷம் பரீட்சை போச்சு. குடுக்கல. தன்னோட கைக்குட்டையில மடிச்சு வச்சுக்கிட்டு, ‘அழாத, தெரிஞ்சதை எழுது’ன்னு சொல்லிட்டு நகந்துட்டாங்க. வேலை போயிருக்கும் தெரிஞ்சிருந்தா. அந்தப் பொண்ணு எழுபத்தோரு மார்க். இன்னிக்கு நாகப்பட்டணத்துல நர்சு.” வழுக்கைத் தலைக்காரர் “அடேயப்பா” என்கிறார். செலஸ்தின் அம்மாள் மாடியை அண்ணாந்து பார்க்கிறாள், அங்கே நான் படுத்திருப்பதாக நினைத்து. அந்தப் பிட் கதையை நான் அவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன், பல வருஷத்துக்கு முன்னால், அவர் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. தலை நிமிரவில்லை. “ம்” என்றார், அப்பளம் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

திரையை நான் ஒன்றும் செய்யவில்லை, காற்று செய்தது. சிப்பிகள் கலகலத்தன, எல்லோரும் திரும்பினார்கள். அவர் சிரிப்பு நின்ற வேகத்தைப் பார்க்க வேண்டும், மெயின் சுவிட்சை இறக்கினாற்போல். வழுக்கைத் தலைக்காரருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது, கடலில் சுறாவைப் பார்த்தவராக இருப்பார், மெதுவாகத் தன் குவளையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார். இன்னொருவர் எழுந்தே நின்றுவிட்டார். இவரும் எழுந்தார். “நான் குடிக்கல” என்றார்.

“நான் ஒண்ணும் கேக்கலியே.”

“கேக்காமத்தானே பதினெட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்க.” சத்தமே இல்லாமல்தான் சொன்னார், குற்றம் சொல்வது போலக்கூட இல்லை, மீட்டர் ரீடிங் சொல்வது போல. “ஐஸ் பெட்டி ட்ரிப் ஆயி நின்னுருந்துது, மீனெல்லாம் போயிருக்கும், அதைப் பாத்தேன். இது கடுங்காப்பி. வேணா...” என்று குவளையை எடுத்து நீட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்ல, கண்ணுல தூசி ஏதாவது...” என்றார்.

தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷமும் தெரிந்தே ஊதியிருக்கிறார். சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தபோதும் தெரியும், பாவி. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, ஐஸ் பெட்டியைப் பார்த்தேன், அதற்குள் ஒரு பெரிய கொடுவா மீன் வாயைத் திறந்து என்னைப் பார்த்தது. “ஒரு மணிநேரமா இங்கயே உக்காந்திருக்கீங்க. மேல வரலாம்ல?” என்றேன். சொல்ல நினைத்தது அது இல்லை.

“நான் ரூம்ல இருந்தா நீ தூங்க மாட்ட. என்னையே பாத்துக்கிட்டிருப்ப. நீ தூங்கட்டும்னுதான் வந்தேன்.”

“நீங்க சாராயக்கடையில இருந்தா மட்டும் நான் தூங்கிடுவேனா?”

யோசித்தார். “அது தோணல” என்றார். வழுக்கைத் தலைக்காரருக்கு மூக்கு வழியாக ஏதோ சத்தம் வந்தது, அடக்கிக்கொண்டார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன், பத்துப் பேர் முன்னால், இரண்டு ஜோடிச் செருப்பில் நின்றுகொண்டு: “வீட்ல ஏன் இப்படிச் சிரிக்கிறதில்ல?”

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், வைத்தார். “சிரிச்சா நீ கிட்ட வந்து நிப்ப” என்றார்.

ஒரு வாக்கியத்துக்கு எத்தனை அறைகள் இருக்கும்? ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகிறது. சிரித்தால் நான் கிட்ட வந்து நிற்பேன். உண்மைதான். டி.வி. பார்த்துச் சிரித்தால் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றிருக்கிறேன். போனில் சிரித்தால் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் வந்து நின்றிருக்கிறேன். குடியை அவர் நிறுத்தினார். சிரிப்பை நிறுத்தியது யார்? அந்தக் கணக்கில் என் பெயர் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நல்லது செய்துகொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன், காவல் என்றுதான் நினைத்தேன், காவல்தான், ஆனால் பூட்டுக்கு உள்ளே இருப்பவர் அதைக் காவல் என்றா சொல்வார்? செலஸ்தின் அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க டீச்சரம்மா, உங்களுக்கும் ஒரு காப்பி போடறேன்” என்றாள். உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் மேசை மறுபடியும் பரீட்சை அறை ஆகிவிடும், எனக்குத் தெரியும். அந்த வழுக்கைத் தலைக்காரர் மேசைக்கடியில் இன்னும் எத்தனை நேரம் குவளையைப் பிடித்துக்கொண்டிருப்பார்?

“வேணாம்மா. நான் படுக்கணும், டாக்டர் சொல்லியிருக்காரு” என்றேன். அவரைப் பார்த்தேன். கிட்டே போகவில்லை, ஒரு நாற்காலி தூரம் இருந்தது, அந்தத் தூரத்திலிருந்தே மோந்து பார்த்துவிடலாம், மூக்கு தானாகவே தயாராகிறது, அதைக் கட்டி இழுத்து வைத்தேன், அந்த இழுப்பில் பிரஷர் இருநூறு தொட்டிருக்கும். “நீங்க சொல்லி முடிச்சிட்டு வாங்க. எழுபத்தொண்ணு இல்ல, எழுபத்திமூணு. ஆபீசர் மூணு தரம் வந்தாரு. சொல்றதைச் சரியா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியேறினேன். சப், தொப். சப், தொப்.

அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டேன், மேலேயும் போட்டேன், கீழேயும் போட்டேன். அவர் வந்துவிடுவார் என்று இல்லை. நான் மறுபடி இறங்கிவிடுவேன் என்றுதான். மேல் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, திறக்க எப்படியும் இரண்டு நிமிஷம் ஆகும், அதற்குள் புத்தி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. படுத்தேன். கடுங்காப்பியா அது? நிறம் சரியாகத்தான் இருந்தது, ஆவி பறக்கவில்லையே, ஆறிப்போன காப்பியாக இருக்கலாம், ஒரு மணிநேரம் பேசினால் ஆறத்தான் செய்யும், ஆறிய காப்பியை யார் குடிப்பார்கள், குடிக்கவில்லை, அதனால்தான் குவளை நிறைந்திருந்தது, பேசிக்கொண்டிருந்தார், என்னைப் பற்றி. மூக்கை அப்படியா விரிக்கிறேன் நான்? விரித்துப் பார்த்தேன். அப்படித்தான் விரிகிறது. கீழே யாரோ இருமினார்கள், யாரோ மெதுவாக ஏதோ கேட்டார்கள், அவர் ஏதோ சொன்னார், எழுபத்திமூணு என்று காதில் விழுந்தது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு பம்பு. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. எழுந்து போகலாம் என்று கால் அசைந்தது, தாழ்ப்பாள் துரு, இரண்டு நிமிஷம், கால் மறுபடி படுத்துக்கொண்டது. கிறீச்சு. இப்போது அணை திறக்கும், திறந்தது, மேசை தடதடத்தது, அது என்னைப் பற்றியா, இருக்கட்டும், அலை வந்தது, மேசை, அலை, நாற்பத்திரண்டு பெட்டி, நாற்பத்திமூன்று, கடைசிப் பெட்டியில் விளக்கு, எழுபத்தெட்டு டிகிரி, உப்பு, இறால்...

மணி அடிக்கிறது. பரீட்சை முடிந்துவிட்டது, பேப்பரை வாங்கு, யாரும் எழுந்திருக்காதே, மணி ஏன் கதவில் அடிக்கிறது? “மங்கை!” பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆண் குரல் யாருடையது? “மங்கை! ஏய் மங்கை!” கண்ணைத் திறந்தால் அறை முழுக்க மஞ்சள். சுவர் மஞ்சள், இயேசுநாதர் மஞ்சள், வெயில் சாய்ந்து பின்பக்கத்து ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கதவு அதிர்கிறது. வெளியே பல பேர். “தள்ளுங்க மிஸ்ஸே, கடப்பாரையை அந்தச் சந்துல குடுத்து நெம்பினா வந்துரும்” என்பது அந்துவான். “அய்யோ, பிரஷர்காரங்க” என்பது செலஸ்தின் அம்மாள். எழுந்து ஓடினேன், கீழ்த் தாழ்ப்பாள் வந்துவிட்டது, மேல் தாழ்ப்பாள் துருவில் சண்டித்தனம் பண்ணியது, “இருங்க, இருங்க, தெறக்கறேன்” என்று கத்தினேன், வெளியே ஒரே நேரத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள், கதவே மூச்சு விட்டாற்போல இருந்தது. திறந்தேன். படிக்கட்டு வரை ஆள். அந்துவான் கையில் கடப்பாரை, வழுக்கைத் தலைக்காரர் கையில் துடுப்பு, துடுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக இருந்தாரோ. முன்னால் என் கணவர். முகத்தில் ரத்தமே இல்லை. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். என் கன்னத்தில் தலையணையின் கோடுகளும், நெற்றிப் பொட்டு எங்கேயோ தாடையிலும் இருந்திருக்கும்.

“ஏண்டி!” என்றார்.

பதினெட்டு வருஷத்தில் என்னை ‘டி’ போட்டதில்லை. குரல் உயர்த்தியதில்லை. எந்த உரிமையில் சத்தம் போடுவது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வாயை மூடியிருந்த மனிதர். “ஏண்டி, மனுஷி தூங்குற தூக்கமா இது? இருபது நிமிஷமா கதவைத் தட்றேன்! ரெண்டு தாழ்ப்பாளா போடுவாங்க பிரஷர் இருக்கறவங்க? மணி அஞ்சே முக்கால், தெரியுமா? போயிட்டேன்னு நெனச்சேன்டி! பெத்த பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது? கூப்பிட்டா ஒரு குரல் குடுக்கக்கூடாது? குறட்டை விட்டிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும், அதுவும் விடல!” வாய் என் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் மூக்கை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன வேகம்! கழுத்து நரம்பு புடைத்திருந்தது. செலஸ்தின் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். “கதவு பொழச்சுது” என்றார் அந்துவான்.

“நல்லா தூங்கிட்டேன் போலிருக்கு” என்றேன்.

“தூங்கிட்டாளாம்! அந்தத் தொக்கு எதுக்கு மூணு கரண்டி போட்டுக்கிட்ட? நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், சொல்லல. சொன்னா கேக்கற ஆளா நீ? ஊறுகாயை எடுத்து ஒளிச்சு வச்சா மோந்து கண்டுபிடிச்சுச் சாப்பிடறவ! காலையில மாத்திரை போட்டியா இல்லையா? உண்மையைச் சொல்லு. போன மாசம் ரெண்டு நாள் போடல, அட்டையை எண்ணிப் பாத்தேன்...” ஆக, அவரும் எண்ணியிருக்கிறார். மீன்காரர்கள் ஒவ்வொருவராக ஓசைப்படாமல் படியிறங்கினார்கள், துடுப்பு ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு போயிற்று. “கீழ வா, ஏதாவது சாப்பிடு, மயக்கம் போட்டு வைக்காத” என்று என் முழங்கையைப் பிடித்தார், பிடித்தபடியே திட்டிக்கொண்டு இறங்கினார். பாட்டிலில் தண்ணீர் அப்படியே இருப்பதற்குத் திட்டினார். பெங்களூருக்குப் போனபோது ஸ்வெட்டர் எடுத்து வராததற்குத் திட்டினார், அது நான்கு வருஷத்துக்கு முந்தியது. கல்யாணத்தில் அவர் அக்காவுக்குப் பந்தியில் இடம் பிடித்து வைக்காததற்குத் திட்டினார், அது முப்பது. கேட்கக் கேட்க உடம்பு இளகியது, வெந்நீர் ஊற்றிக் குளிக்கிறாற்போல. கீழே காப்பி கொதிக்கிற வாசனை, மீன் பொரிகிற வாசனை, நடுவில் சாராய வாசனையும் தாராளமாக இருந்தது, இடமே அதுதானே.

“மெதுவா, படி ஆடுது” என்றேன்.

“நீ பேசாத” என்றார்.

நான் பேசவில்லை.